இற்றைப்படுத்தல் மீண்டும் மீண்டும் தோல்வியுறும்போது
கணினிப் பேரேட்டைக் காப்பதற்கான ஒரு பாடம்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்குக் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கடதாசி தொலைந்தால் அதை மீண்டும் பெற எத்தனை அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

இன்று அத்தகைய விபரங்கள் பல கணினியில் ஏறிவிட்டன. விதைநெற் கடன் பெற்றவர் யார், எவ்வளவு திருப்பிக் கட்டினார், எக்குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர் வயல் இருந்தது என்பன சங்கத்தின் கணினியில் ஒரு தரவுத்தளமாக இருக்கலாம். தரவுத்தளம் என்பது கணினிக்குள் இருக்கும் பேரேடு. அதை நடத்தும் மென்பொருள்களில் ஒன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேர்வர். அதன் குறைகளைத் திருத்த அந்நிறுவனம் காலத்துக்குக் காலம் திருத்தங்களை வெளியிடுகிறது. இதையே இற்றைப்படுத்தல் அல்லது அப்டேற் என்கிறோம்.

சில வேளைகளில் இத்திருத்தம் கணினியில் ஏற மறுக்கும். இன்று தோல்வி, நாளை மீண்டும் முயன்றாலும் தோல்வி. அப்போது என்ன செய்வது?

1. விட்டுவிடலாமா?

"பேரேடு வேலை செய்கிறது தானே, திருத்தம் எதற்கு?" என்று சிலர் கேட்பர். இதற்கு 2003 ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்வு பதில் தருகிறது. எஸ்.கியூ.எல். சேர்வரில் இருந்த ஒரு குறைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் 2002 யூலை 24 இல் வெளியிட்டது. அதை நிறுவுவது இலகுவாக இருக்கவில்லை. பலர் பிற்போட்டனர். வேறு மென்பொருள்களுடன் சேர்ந்து வந்ததால், தம் கணினியில் இத்தரவுத்தளம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆறு மாதங்களின் பின், 2003 ஜனவரி 25 இல், 'ஸ்லாமர்' என்னும் கணினிப் புழு அதே குறையின் வழியாக நுழைந்தது. அதன் அளவு வெறும் 376 பைற்று. சுமார் பத்து நிமிடங்களில் குறைந்தது 75,000 கணினிகள் வரை பரவிவிட்டது. அமெரிக்காவில் பெரிய வங்கியொன்றின் பணம் எடுக்கும் இயந்திரங்கள் பல செயலிழந்தன. சியாற்றில் நகருக்கு அண்மையில் அவசர அழைப்புகளை ஏற்கும் நிலையத்தின் ஊழியர் கடதாசியும் பேனையும் எடுத்து வேலை செய்ய நேர்ந்தது.

ஆகவே திருத்தத்தைக் கைவிடுவது தீர்வாகாது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதும் தீர்வாகாது. நீர் இறைக்கும் இயந்திரம் இயங்காவிட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதில்லை. எண்ணெய் உண்டா, பிளக் சுத்தமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இங்கும் அதே ஒழுங்குதான்.

2. முதல் வேலை: பிரதி எடுத்தல்

இற்றைப்படுத்தல் எப்போதும் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதில்லை. சில வேளை கோப்புகள் எல்லாம் மாறியபின் கடைசிப் படியில் தடைப்படும். அப்போது தரவுத்தளச் சேவை திரும்பத் தொடங்காமலே போகலாம். 3417 என்னும் பிழை எண் தோன்றுவது இத்தகைய வேளையில்தான். எனவே எதையும் தொடுமுன் பிரதி எடுக்க வேண்டும்.

சேவை இயங்கும்போது தரவுத்தளக் கோப்பை மற்றக் கோப்புகளைப் போல இழுத்துப் பிரதி செய்ய முடியாது. மென்பொருளிலேயே உள்ள 'பக்கப்' கட்டளையால் பிரதி எடுக்க வேண்டும். எமது பேரேட்டுடன், மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் 'மாஸ்ரர்' முதலிய தரவுத்தளங்களையும் சேர்த்து எடுப்பது நல்லது. எடுத்த பிரதி அதே கணினியில் மட்டும் இருந்தால் பயனில்லை. வேறொரு வன்தட்டில் அல்லது பென் டிரைவில் வைத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். முளைக்குமா என்று பாராமல் விதைநெல்லை வயலில் எறிவதில்லை. திறந்து பாராத பிரதியும் அவ்வாறே.

இன்னொன்றையும் மறக்கலாகாது. அப்பிரதியில் எமது பெயர்களும், காணி விபரங்களும், கடன்களும் உள்ளன. அது யார் கையில் இருக்கிறது என்பதை நிர்வாகக் குழு தீர்மானித்து, பூட்டி வைக்க வேண்டும்.

3. இரண்டாவது வேலை: குறிப்பை வாசித்தல்

திருத்தம் தோல்வியுறும் ஒவ்வொரு முறையும் நிறுவும் மென்பொருள் நடந்ததை ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவைக்கிறது. எஸ்.கியூ.எல். சேர்வரில் இது 'செற்றப் பூட்ஸ்ராப்' என்னும் கோப்புறையின் உள்ளே, 'லொக்' என்ற கோப்புறையில் இருக்கும். முதலில் 'சமரி' என்னும் சுருக்கக் கோப்பைப் பார்க்க வேண்டும்.

பல வேளைகளில் அங்கே 1603 என்ற எண் காணப்படும். இதைக் கண்டு மயங்கக் கூடாது. "நிறுவல் தோல்வியடைந்தது" என்பதற்கு மேல் இந்த எண் எதையும் சொல்வதில்லை. விரிவான பதிவுக் கோப்பில் 'ரிட்டேர்ன் வலியூ 3' என்ற சொற்றொடரைத் தேட வேண்டும். உண்மையான காரணம் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே உள்ள வரிகளில் இருக்கும். அந்த எண்ணையும் வாசகத்தையும் ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வைத்தால், தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்கவும் உதவும்.

4. வழமையான காரணங்கள்

(அ) இடம் போதாமை. பதிவிறக்கிய பொதிக்கும், அதை விரிப்பதற்கும் வன்தட்டில் இடம் வேண்டும். பழைய கணினிகளில் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

(ஆ) மறுதொடக்கம் நிலுவையில் இருத்தல். முன்பு நிறுவிய ஏதோவொன்று கணினியை மீண்டும் தொடக்கும்வரை காத்திருக்கலாம். ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலே தடை நீங்கக்கூடும்.

(இ) அதிகாரம் இன்மை. நிர்வாகிக்குரிய கணக்கில் நுழைந்தே திருத்தத்தை நிறுவ வேண்டும்.

(ஈ) பொருந்தாத திருத்தம். ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனித் திருத்தம் உண்டு. பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் வருவதும் நின்றுவிடும். உதாரணமாக, 2014 ஆம் ஆண்டுப் பதிப்புக்கான நீடிக்கப்பட்ட ஆதரவு 2024 யூலை 9 உடன் முடிந்தது.

(உ) நெருக்கப்பட்ட கோப்புறை. இடத்தை மிச்சப்படுத்த யாராவது கோப்புறையை வின்டோஸ் மூலம் நெருக்கி வைத்திருந்தால், அதில் உள்ள தரவுத்தளக் கோப்புகள் தடையாகலாம். நெருக்கத்தை நீக்க வேண்டும்.

(ஊ) பழைய நிறுவற் கோப்புகள் காணாமற்போதல். வின்டோஸ், முன்பு நிறுவியவற்றின் கோப்புகளை 'இன்ஸ்ரோலர்' என்னும் மறைந்த கோப்புறையில் வைத்திருக்கும். புதிய திருத்தம் அவற்றைத் தேடும். குப்பை என எண்ணி யாராவது அவற்றை அழித்திருந்தால் 1612 போன்ற எண் தோன்றும். அப்போது எத்தனை முறை முயன்றாலும் பலன் இராது. முதலில் நிறுவிய அதே பதிப்பின் இறுவட்டிலிருந்து அல்லது பொதியிலிருந்து அக்கோப்புகளை மீளவைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் திருத்தி, மீண்டும் முயன்று, விளைவை எழுத வேண்டும். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமற் போய்விடும்.

5. செய்யக் கூடாதது

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம்" என்று ஒருவர் சொல்லலாம். அது கடைசி வழி. சோதித்துப் பார்த்த பிரதி கையில் இல்லாதவரை அதற்கு நாம் சம்மதிக்கக் கூடாது. மென்பொருளை மீண்டும் பெறலாம். இருபது வருடக் கடன் கணக்கையும், இறந்துபோன ஒரு தகப்பன் சொல்லிப் பதிந்த காணி எல்லையையும் எங்கே போய்ப் பெறுவது?

கணினி தெரியாதவர்கள் இவ்விடயத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பேரேடு அங்கத்தவர் எல்லோருக்கும் உரியது. அடுத்த கூட்டத்தில் பின்வருவனவற்றைக் கேட்போம்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது விபரங்களின் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது?
2. அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்தவர் யார்?
3. தோல்வியுற்ற முயற்சிகள் கொப்பியில் எழுதப்பட்டுள்ளனவா?
4. கணினி ஒரு வாரம் இயங்காவிட்டால், கடன் கொடுக்கவும் வாங்கவும் போதிய அச்சுப் பிரதி எம்மிடம் உண்டா?