மருந்தின் நான்காவது பங்கு

இந்த மாத வகுப்புக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'உடல்நலம்'. பொதுவாக எழுதினால் எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கும். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு 22 வயது, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று வருஷமாக எனக்கு சொரியாசிஸ் இருக்கிறது.

திருக்குறளில் 95ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பங்கு சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். இந்தப் பாடத்தை அதே வரிசையில் பார்ப்போம். முதல் மூன்று பங்கும் எனக்குச் சீக்கிரம் கிடைத்துவிட்டன. நான்காவதுக்குத்தான் நாள் ஆனது.

1. நோயாளி

நம் தோலின் மேல்புறம் சாதாரணமாக ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. சொரியாசிஸ் வந்த இடத்தில் அந்த வேலை சில நாளிலேயே முடிந்துவிடுகிறது. பழைய செல்கள் உதிர்வதற்கு முன்பே புதிய செல்கள் மேலே வந்து குவிகின்றன. அதுதான் தடிப்பு, அதன்மேல் வெள்ளிச் செதில். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி, தீ இல்லாத இடத்தில் அலாரம் அடிக்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத் தோல் வேகமாக வளர்கிறது. வளர்ந்த தோல் மறுபடி அலாரத்தைத் தூண்டுகிறது. சுற்று நிற்பதில்லை.

இதில் மூன்று விஷயங்களை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, இது தொற்றாது. பரப்புவதற்கு இதில் கிருமியே இல்லை. கை கொடுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே குளத்தில் நீந்தலாம்.

இரண்டாவது, புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டாகக் காட்டுவார்கள். நம் மாநிறத்திலும் கருப்பிலும் அது ஊதா கலந்த நிறமாகவோ சாம்பல் பழுப்பாகவோ தெரியும். ஆறிய பிறகும் கருந்தழும்பு சில மாதம் நிற்கும். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம், நகம் ஆகியவை வழக்கமான இடங்கள். தலையில் வந்தால் பொடுகு என்றும், உடம்பில் வந்தால் படர்தாமரை என்றும் நினைத்துக் கண்ட கிரீமைப் பூசுகிறவர்கள் அதிகம்.

மூன்றாவது, பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்று இல்லை. ஒருவருக்கு மட்டும் இருக்கிற குடும்பங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. கல்யாணப் பேச்சில் இதைக் குற்றமாகப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பதில் போதும்.

இந்த இயல்பு உள்ளவருக்குச் சில விஷயங்கள் நோயைக் கிளப்பிவிடும்: தொண்டை அழற்சி, மன அழுத்தம், சிகரெட், மது, சில மாத்திரைகள். எனக்குப் பரீட்சை வாரம். "கருவாடு சாப்பிடாதே, கத்திரிக்காய் சாப்பிடாதே" என்று ஆளுக்கு ஒரு பத்தியம் சொல்வார்கள். எல்லாருக்கும் பொருந்தும் பத்தியம் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எடை கூடினால் நோய் கடுமையாகலாம், எடை குறைந்தால் மருந்து நன்றாகக் கேட்கும் என்பது மட்டும் தெரியும்.

தைப்பூசத்துக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். சொரியாசிஸ் உள்ளவரின் தோலில் காயம் பட்டால், ஓரிரு வாரத்தில் அந்தக் காயத்தின் மேலேயே புதுத் திட்டு வரலாம். இதைக் கண்டு சொன்ன ஜெர்மானிய மருத்துவர் பெயரால் 'கோப்னர் விளைவு' என்கிறார்கள். அலகு குத்துவதும், சவரக்கத்தி தலையில் கீறுவதும் காயம்தான். நேர்த்திக்கு முன்பு டாக்டரிடம் பேசுங்கள். பால்குடம் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

2. மருத்துவர்

தொடங்க வேண்டிய இடம் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருக்க வேண்டிவரும், புத்தகம் எடுத்துப் போங்கள்.

டாக்டர் முதலில் எவ்வளவு இடம் என்று பார்ப்பார். நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தது உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அதை வைத்து நாமே கணக்குப் போடலாம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் கடுமையானது என்று எடுத்துக்கொள்வார்கள். பரப்பை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த ஒரு வாரத்தில் இந்தத் தோல் உங்கள் வாழ்க்கையை எவ்வளவு பாதித்தது என்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார்கள். உடுப்பு, படிப்பு, விளையாட்டு, நட்பு எல்லாம் அதில் வரும். "பரவாயில்லை டாக்டர்" என்று எழுதிவிடாதீர்கள். சிகிச்சையை முடிவு செய்ய அதையும் பார்க்கிறார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது மூட்டு வலி. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டு வாதம் வரலாம். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுதும் வீக்கம், குதிகால் வலி, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கெட்டுப்போன மூட்டு திரும்பாது.

3. மருந்து

முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் நிறைய இருக்கின்றன.

முதல் படி பூசுவது. ஈரப்பதம் தரும் களிம்பு தினமும் வேண்டும். குளித்த உடனே பூசினால் நல்லது. ஸ்டீராய்டு கிரீமுக்கு அளவு உண்டு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் பூசினால் தோல் மெலியும். வைட்டமின் டி வகைக் களிம்பும், தலைக்குத் தார் ஷாம்பும் உண்டு. தார் ஷாம்பு ரோடு போடுகிற வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் படி ஒளி. 311 நானோமீட்டர் அளவுள்ள புற ஊதாக் கதிரை அளந்து கொடுப்பார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, பல வாரம் போக வேண்டும். லெக்சர் அட்டவணையோடு மோதும். நான் லெக்சரரிடம் முன்கூட்டியே கடிதம் காட்டி நேரம் மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் மணிக்கணக்காக வெயிலில் நிற்பது இதற்கு ஈடாகாது, தோல் வெந்தால் நோய் கூடும்.

மூன்றாம் படி மாத்திரையும் ஊசியும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இரத்தப் பரிசோதனை தவறக்கூடாது, மது கூடாது, கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. அதற்கும் கேட்காதவர்களுக்கு 'பயாலஜிக்' ஊசிகள் உண்டு. முன்பு சொன்ன அலாரத்தின் குறிப்பிட்ட ஒரு கம்பியை மட்டும் இவை துண்டிக்கின்றன. காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுவார்கள். விலை அதிகம், எல்லாருக்கும் உடனே கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் தாமானில் ஒருவர் "பத்தே நாளில் போயிடும்" என்று அம்மாவிடம் கருப்பு உருண்டைகள் கொடுத்தார். டப்பாவில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. நான் சாப்பிடாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இப்படி விற்கிற சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு என்றார். சாப்பிடும்போது தோல் பளபளவென்று ஆகும், திடீரென்று நிறுத்தினால் பல மடங்காகத் திரும்பி வரும். பாரம்பரிய மருந்தானாலும் பெட்டியில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளையும் பாருங்கள். நம் சித்த, ஆயுர்வேத முறைகளைக் குறை சொல்லவில்லை. பெயர் தெரியாத டப்பாவைத்தான் சொல்கிறேன்.

4. பக்கத்தில் இருப்பவர்

ஒரு கோயில் அன்னதானத்தில் நான் சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தேன். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. ஒரு பெரியவர் வந்து, "தம்பி, நீங்க போய் செருப்பு அடுக்கிற இடத்துல நில்லுங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் எந்தச் சேவைக்கும் போகவில்லை. வெயில் கொளுத்தும் நாளிலும் முழுக்கைச் சட்டைதான். மருந்து கேட்டு முழங்கை பாதிக்குமேல் ஆறியிருந்தது, ஆனாலும் கையை மடக்கிவிட மனம் வரவில்லை.

மாற்றியது ஹாஸ்டல் அறை நண்பன். முதுகில் களிம்பு பூச எனக்குக் கை எட்டாது. ஒருநாள் அவனே டியூபை எடுத்து, "திரும்புடா, எது எது விட்டுப் போச்சுன்னு சொல்லு" என்றான். அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அது வழக்கமாகிவிட்டது. பூசிக்கொண்டே பந்து விளையாட்டுக் கதை பேசுவான். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். மறுபடி நம் இளைஞர் பிரிவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான்.

2014இல் உலகச் சுகாதார மன்றம் சொரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதில் இந்த நோயாளிகள் படும் ஒதுக்கலையும் குறிப்பிட்டிருக்கிறது. மனச்சோர்வு இந்த நோயோடு சேர்ந்து வருவது சாதாரணம். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் போகலாம், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பைத் தொலைபேசியில் அழைக்கலாம். மலேசிய சொரியாசிஸ் சங்கம் என்று நோயாளிகளுக்கான அமைப்பும் இருக்கிறது. "எனக்கும் இருக்கு" என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பது தனி பலம்.

"போன ஜென்மத்துப் பாவம்" என்று நம்மில் சிலர் சொல்வார்கள். முன்வினை யாருடையது என்று அளக்கிற வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. எதிரில் வலியோடு இருப்பவருக்கு இன்று என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிற வினை.

கலந்துரையாடலுக்கு

• சொரியாசிஸ் ஏன் தொற்றாது? உங்கள் பாட்டிக்குப் புரியும்படி இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

• அந்த அன்னதானத்தில் நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால், பெரியவரின் மரியாதை கெடாமல் என்ன சொல்லியிருப்பீர்கள்? இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்.

• உங்கள் வீட்டில் உள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து, பதிவு எண் இல்லாதவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்தப் பட்டியலைக் கொண்டு வாருங்கள்.

• அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அந்த வாரச் சேவையில் பரிமாறும் வரிசைக்கு யார் யார் என்று இப்போதே பெயர் எழுதுவோம். என் பெயரை சாம்பாருக்குப் போடுங்கள். அரைக்கைச் சட்டையில் வருகிறேன்.