வியூகமும் அன்றாட வேலையும்: தோட்டம் சொல்லித் தரும் மேலாண்மை



'செயல்பாட்டு மேலாண்மை', 'வணிக வியூகம்' என்று நான் கிளை வகுப்பில் பேச்செடுத்தாலே, "அதெல்லாம் சிந்தோக் யுனிவர்சிட்டியில படிக்கிறவங்களுக்கு அண்ணே" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1984-இல் தொடங்கிய உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் ஜித்ராவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேலாண்மைக் கல்விக்குப் பேர் பெற்றது. ஆனால் இந்த இரண்டு பாடங்களும் நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டிமார் பால் மரத்தடியில் தினமும் செய்தவைதான். அங்கிருந்தே தொடங்குவோம்.

1. செயல்பாட்டு மேலாண்மை

மூலப்பொருள், ஆள், கருவி, நேரம் ஆகிய நான்கையும் சேர்த்து, வாடிக்கையாளருக்கு வேண்டிய பொருளாகவோ சேவையாகவோ மாற்றுவதுதான் செயல்பாடு. அதை வீணில்லாமல், தரம் கெடாமல், நேரத்தோடு நடத்துவது செயல்பாட்டு மேலாண்மை.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு ஏன் கூப்பிட்டார்கள்? வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம்; பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். வெட்டி முடித்ததும் உடனே எடுக்கவும் முடியாது; பால் சொட்டி முடிய வேண்டும். ரொம்பத் தாமதித்தாலோ மங்கிலேயே உறைந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் மங்கில் தண்ணீர் நிறைந்து பால் வீணாகும். உறையாமல் வைக்க அமோனியா, ஆலையில் உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நேரம், ஓர் அளவு உண்டு.

இன்னொன்று, பட்டை. பேராசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். புதுப்பட்டை ஒழுங்காக வளராது. அதனால்தான் பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார்கள். இன்றைய வரவுக்காக நாளைய முதலை அழிக்காதே என்பதுதான் அந்த முறை. உங்கள் லோரிக்கும் கடை அடுப்புக்கும், வேலை செய்யும் ஆளுக்கும் இதே விதிதான்.

2. இடுக்கு எங்கே?

ஒரு வேலை பல படிகளாக நடக்கும்போது, எந்தப் படி மெதுவோ அதுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். அந்தப் படியை இடுக்கு என்போம்.

ஒரு தோசைக் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லில் ஒரு தடவைக்கு 4 தோசை. வேக 3 நிமிடம். அப்படியென்றால் மணிக்கு 80 தோசை. பரிமாறுகிறவர்கள் மணிக்கு 120 கொடுக்க முடியும். கேட்டு நிற்பதும் 120. கூட்டத்தைப் பார்த்துப் பதறி, பரிமாற இன்னொரு ஆளைப் போட்டால் என்ன ஆகும்? சம்பளம்தான் கூடும், தோசை அதே 80. இரண்டாவது கல் போட்டால் 160 சுடலாம். இப்போது இடுக்கு பரிமாறும் இடத்துக்கு மாறிவிட்டது. ஆனால் 120 பேரும் சாப்பிட்டுவிடுவார்கள்.

கோயில் அன்னதானத்தில் வரிசை நீண்டால், "ஆள் பத்தல" என்று சொல்லுமுன் எந்த இடத்தில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள்.

3. வியூகம்

வேலையை எப்படிச் செய்வது என்பது செயல்பாடு. எந்த வேலையைச் செய்வது, யாருக்காக, எதை விட்டுக்கொடுத்து என்பது வியூகம். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். வியூகத்துக்கு வேண்டிய கேள்விகள் அந்தத் தலைப்புகளிலேயே இருக்கின்றன.

நம் சமுதாயத்தின் பெரிய உதாரணம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும். இரண்டும் ஒரே நாளில்.

மனுக் கொடுக்கலாம், நஷ்ட ஈடு கேட்டுப் போராடலாம். துன் வீ.தி. சம்பந்தன் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்: விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளிகளே வாங்குவது. 1960-இல் சங்கம் உருவானது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். 1961-இல் முதன்முதலாக வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

இதில் வலியறிதல் எங்கே? தனி ஆளிடம் பணமில்லை. ஆனால் ஆள்பலம் இருந்தது, தொழில் தெரிந்த கை இருந்தது. விட்டுக்கொடுத்தது எது? அன்றைய குறைந்த சம்பளத்தில் அந்த 10 வெள்ளி பெரிய காசு. எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியவில்லை. வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் கூலிக்கு வெட்டியவர் பங்குதாரரானார்.

4. இரண்டும் சேர வேண்டும்

தோட்டத்தை வாங்கியதோடு வேலை முடியவில்லை. மறுநாளும் விடியுமுன் வெட்ட வேண்டும், கிழட்டு மரத்தை மாற்றி நட வேண்டும். கன்று பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். வியூகம் இருந்து செயல்பாடு இல்லையென்றால் கடன்தான் மிஞ்சும். செயல்பாடு இருந்து வியூகம் இல்லையென்றால், நன்றாக உழைத்த தோட்டத்தையே யாரோ விற்றுவிடுவார்கள்.

கிளையில் பேச:

• உங்கள் வீட்டுத் தொழிலையோ கிளை நிகழ்ச்சியையோ படிப்படியாக எழுதுங்கள். இடுக்கு எது?
• அதில் 'பட்டை' எது? அதை ஆழமாக வெட்டிக்கொண்டிருக்கிறோமா?
• ஆளுக்கு மாதம் 10 ரிங்கிட் சேர்த்தால், நம் கிளை எதைச் சொந்தமாக்கலாம்? அதற்காக எதை விட்டுக்கொடுப்போம்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை எண்களோடு எழுதி வாருங்கள்.