அணு ஆராய்ச்சியும் ஹைட்ரஜன் எரிபொருளும்

2023 செப்டம்பரில் தில்லி கர்த்தவ்ய பாதையில் ஹைட்ரஜனால் ஓடும் இரண்டு பேருந்துகளைக் கொடியசைத்து அனுப்பினார்கள். அவை வெளியே விடுவது புகையல்ல, நீராவி. தீபாவளி முடிந்ததும் குழந்தைகளின் இருமலுக்கு மருந்து தேடும் நமக்கு இது நல்ல சேதிதான்.

ஆனால் ஹைட்ரஜனை நிலக்கரிபோல் வெட்டியெடுத்து எரித்துவிட முடியாது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ எடுக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அதற்குள் இருக்கும் சக்தியோ சுமார் 33 யூனிட்தான். ஹைட்ரஜன் ஊற்றல்ல, குடம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதில் அணு விஞ்ஞானிகளுக்கு என்ன வேலை? அவர்களுக்கு ஹைட்ரஜன் பழைய சிநேகிதம். பக்ரா அணை மின்சாரத்தைக் கொண்டு நங்கல் உரத் தொழிற்சாலையில் தண்ணீரைப் பிரித்தார்கள். அப்போது லேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வெளியேறும், கனமானது பின்தங்கும். அதைப் பயன்படுத்தி 1962இல் நாட்டின் முதல் கனநீர் ஆலை அங்கேதான் அமைந்தது. நம் தூத்துக்குடி கனநீர் ஆலையும் உரத் தொழிற்சாலையை ஒட்டி எழுந்ததே.

மின்சாரமின்றி வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் தண்ணீரைப் பிரிக்கும் அயோடின்–கந்தக முறையை பாபா அணு ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வந்திருக்கிறது. அதற்கு 850 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். நம் கனநீர் உலைகள் தருவது 300 டிகிரிதான். ஜப்பானின் சோதனை உலை ஒன்று 2004இல் 950 டிகிரியைத் தொட்டது. இந்த இடைவெளி சிறியதல்ல. அணு உலையிலிருந்து நேரே ஹைட்ரஜன் என்ற பேச்சை இப்போதைக்கு நிதானமாகவே கேட்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது கல்பாக்கம். அங்குள்ள வேக ஈனுலையில், மெல்லிய எஃகுக் குழாயின் ஒருபுறம் சூடான திரவ சோடியம், மறுபுறம் தண்ணீர். ஊசித்துளை விழுந்தாலும் இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் கிளம்பும், விபரீதம். ஆகவே சோடியத்தில் ஹைட்ரஜன் அளவு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கூடினாலே காட்டிக்கொடுக்கும் உணர்கருவிகளை அங்கேயே உருவாக்கினார்கள்.

பேருந்துக்கு இது எதற்கு? ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. பகலில் அதன் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். சமையல் காஸ் கசிந்தால் நாற்றம் எச்சரிக்கிறது. அந்த வாடையைப் பிறகு சேர்த்தவர்கள் மனிதர்கள்தாம். அதேபோல் ஹைட்ரஜனில் வாடை கலந்தாலோ பேருந்தின் எரிபொருள் கலம் கெட்டுப்போகும். பணிமனைக் கூரையடியில் தேங்கும் வாயுவை மோப்பம் பிடிக்க அங்கே கருவிதான் மூக்கு.