வல்லுநரின் அறிவும் கணிப்பொறியின் விதியும்

தமிழ் இலக்கண நூல்களைப் பயில்வோர்க்கு விதியும் புறனடையும் புதியன அல்ல. விதிகளை வகுத்துரைத்த இலக்கண ஆசிரியர், அவற்றுள் அடங்காதன எஞ்சி நிற்பதை உணர்ந்து, இயலின் இறுதியில் புறனடை நூற்பா ஒன்றை அமைத்துச் செல்வார். தொல்காப்பியத்துள் இவ்வாறு முடியும் இயல்கள் பல. மருத்துவரின் அறிவையும் பொறியாளரின் அறிவையும் விதிகளாக்கிக் கணிப்பொறிக்குள் இட முயன்ற ஆய்வாளர்கள் எதிர்கொண்ட சிக்கலும் ஏறத்தாழ இதுவே. செயற்கை நுண்ணறிவு என்னும் துறை மருத்துவமனைக்குள்ளும் தொழிற்கூடத்திற்குள்ளும் நுழைந்த வரலாற்றைச் சில முயற்சிகளின் வாயிலாக ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் ஆண்டு டென்ட்ரல் என்னும் ஆய்வு தொடங்கப்பெற்றது. எட்வர்டு ஃபைகன்பாம் என்னும் கணிப்பொறி அறிஞரும், நோபல் பரிசு பெற்ற மரபியல் அறிஞரான ஜோசுவா லெடர்பர்க்கும் அதில் இணைந்து பணியாற்றினர். நிறமாலைப் பதிவைக் கண்டு வேதிச்சேர்மத்தின் அமைப்பை ஊகிப்பதே அதன் வேலை. பொதுவான தருக்க ஆற்றலை மட்டும் பொறிக்கு அளித்தால் போதாது, துறைக்குரிய அறிவை நிறைய அளிக்க வேண்டும் என்னும் உண்மை அங்குதான் வலுப்பெற்றது. 'வல்லுநர் அமைப்பு' என்னும் பெயருக்கு உரியவற்றுள் முன்னோடி அது.

அதே பல்கலைக்கழகத்தில் 1970-களில் எட்வர்டு ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின் நம் கருத்தை மிகுதியும் ஈர்க்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலவற்றின் பெயர் 'மைசின்' என முடிவதைக் கருதி இப்பெயர் இடப்பெற்றது. குருதியில் பரவும் தொற்றுக்கும் மூளை உறை அழற்சிக்கும் காரணமான நுண்ணுயிர் எது, அதற்கு உரிய மருந்து எது, நோயாளியின் உடல் எடைக்கேற்ப அளவு யாது என்பனவற்றை அது கூறும். அதன் அறிவு முழுவதும் ஏறத்தாழ ஐந்நூறு விதிகளில் அடங்கியிருந்தது. ஒரு விதியை எடுத்துக்காட்டுவோம். நுண்ணுயிர் கிராம் சாயத்தை ஏற்காததாகவும், கோல் வடிவினதாகவும், உயிர்வளியின்றி வளர்வதாகவும் இருந்தால், அது பாக்டீராய்டிஸ் இனத்தைச் சார்ந்தது என்பதற்கு 0.6 அளவில் சான்று உண்டு. இவ்விதியில் நாம் உற்று நோக்க வேண்டியது அந்த 0.6 என்னும் எண்ணே. மருத்துவர் எதனையும் முற்றும் உறுதியாக அறிவதில்லை. 'பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்' என்றுதான் எண்ணுகிறார். அந்தப் 'பெரும்பாலும்' என்னும் சொல்லுக்கு எண் வடிவம் கொடுத்ததே ஷார்ட்லிஃபின் அரும்பணி.

மற்றொரு சிறப்பும் உண்டு. மைசின் கேள்வி கேட்கும்பொழுது, 'ஏன் இதனைக் கேட்கிறாய்?' என மருத்துவர் திருப்பிக் கேட்கலாம். பொறி தான் அப்பொழுது ஆராய்ந்துகொண்டிருக்கும் விதியை எடுத்துக்காட்டும். முடிவு கூறிய பின், 'எவ்வாறு இம்முடிவுக்கு வந்தாய்?' என்றாலும் விடை கிடைக்கும். ஆசிரியரிடம் மாணாக்கர் ஐயம் தெளிவது போன்றதே இது. பின்னாளில் வந்த ஆற்றல் மிக்க பொறிகள் பலவற்றுக்கு இந்தக் குணம் வாய்க்கவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

1979-ஆம் ஆண்டு இதற்கொரு தேர்வு நடத்தி முடிவை வெளியிட்டனர். மூளை உறை அழற்சி நோயாளர் பதின்மரின் குறிப்புகளுக்கு மைசினும், பல்கலைக்கழகத் துறை வல்லுநர் ஐவரும், பிறரும் தனித்தனியே மருந்து பரிந்துரைத்தனர். எது யாருடையது என்று அறியாத நடுவர் எண்மர் அவற்றை மதிப்பிட்டனர். மைசினின் பரிந்துரைகளுள் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை என மதிப்பிடப்பெற்றன. வல்லுநர் ஐவருள் மிக உயர்ந்த மதிப்பைப் பெற்றவர்க்கே 62.5 விழுக்காடுதான். நடுவர்கள் தமக்குள்ளும் ஒத்துப்போகவில்லை என்பதை இவ்வெண்களே காட்டிவிடுகின்றன.

இத்துணை வெற்றி பெற்ற மைசின் எந்த மருத்துவமனையிலும் அன்றாடப் பயனுக்கு வரவில்லை. காரணம் அதன் அறிவுக் குறைவு அன்று. ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவர் அரை மணி நேரத்திற்கு மேல் அமர்ந்து கேள்விகளுக்கு விடை தட்டச்சிட வேண்டியிருந்தது. நோயாளியின் குறிப்புகள் தாள்களில் இருந்தன. பொறி வேறோர் இடத்தில் இருந்தது. பொறி பிழை செய்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் வினாவும் விடையின்றி நின்றது.

ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. மைசினிலிருந்து மருத்துவ விதிகளை நீக்கிவிட்டு, விதிகளை இயக்கும் கூட்டினை மட்டும் தனியே எடுத்தனர். அக்கூட்டிற்குள் நுரையீரல் சோதனை பற்றிய விதிகளை இட்டபொழுது பஃப் என்னும் அமைப்புக் கிடைத்தது. அது சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில் உண்மையாகவே பயன்பட்டது. அதே கூட்டிற்குள் பொறியியல் விதிகளை இட்டபொழுது சேகான் தோன்றிற்று. கட்டுமானங்களின் வலிமையை ஆராயும் சிக்கலான மென்பொருளைப் பொறியாளர் எவ்வாறு கையாள வேண்டும் என அது வழிகாட்டியது. குருதித் தொற்றுக்கென எழுந்த சிந்தனை கட்டுமானப் பொறியியலுக்கு உதவிற்று.

தொழில்துறையின் கதை வேறு வகையானது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் வேக்ஸ் என்னும் கணிப்பொறிகளை விற்றுவந்தது. வாங்குவோர் ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்பப் பகுதிகளைத் தெரிந்தெடுத்தனர். இப்பலகைக்கு இம்மின்வழங்கி போதுமா, இக்கம்பி எட்டுமா, இப்பெட்டியில் இடம் உண்டா என்று சரிபார்ப்பது பெருந்தொல்லையாக இருந்தது. ஒரு கம்பி குறைந்தாலும் வாங்கியவர் இடத்தில் பொறி இயங்காது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மாட் 1978-இல் இதற்கெனத் தொடங்கிய வல்லுநர் அமைப்பு எக்ஸ்கான் எனப் பெயர் பெற்று, 1980 முதல் ஆலையில் இயங்கிற்று. 1986-க்குள் எண்பதாயிரம் ஆணைகளை அது சரிபார்த்ததாகக் கணக்குக் கூறுவர்.

மைசின் தோற்ற இடத்தில் எக்ஸ்கான் வென்றது ஏன்? எக்ஸ்கான் கூறும் விடை சரியா தவறா என்பதைப் பகுதிகளை அடுக்கிப் பார்த்தாலே அறியலாம். பிழை நேர்ந்தால் இழப்புப் பணம் மட்டுமே. மேலும் ஆணைச்சீட்டு முன்னரே ஆலைக்குள் இருந்தது. எவரையும் அரை மணி நேரம் அமர்த்த வேண்டியதில்லை. அறிவின் ஆழத்தைக் காட்டிலும் அது புகும் இடத்தின் இயல்பே வெற்றியை முடிவு செய்தது என்பது நம் துணிபு.

எக்ஸ்கானுக்கும் இடர் வந்தது. புதிய பொறிகள் வர வர விதிகள் பெருகின. 1987-ஆம் ஆண்டளவில் அவை 6,200-ஐக் கடந்தன. ஆண்டுதோறும் அவற்றுள் ஏறத்தாழப் பாதியை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு விதியைத் திருத்தினால் அது வேறெங்கோ ஒரு விதியோடு முரணும். புறனடைக்குப் புறனடை எழுதி மாளாத நிலை அது. இந்நிலையில்தான், விதிகளை மனிதர் எழுதித்தருவதை விட்டு, தரவுகளிலிருந்து பொறியே கற்றுக்கொள்ளட்டும் என்னும் நெறி செல்வாக்குப் பெற்றது.

அந்நெறியிலும் மறைந்திருந்த பள்ளம் ஒன்றைக் கூறியாக வேண்டும். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளர் பதினாலாயிரவரின் தரவுகளைக் கொண்டு, யார்க்கு இறக்கும் இடர் மிகுதி என்பதைக் கணிக்கும் அமைப்புகளை ஆய்வாளர் பலர் உருவாக்கினர். இடர் குறைந்தவரை வீட்டிற்கு அனுப்பலாம் என்பது எண்ணம். ரிச் கரூவானா பயிற்றிய நரம்பு வலையமைப்பு மிகத் துல்லியமாகக் கணித்தது. அதே தரவைப் பயின்ற வேறோர் அமைப்போ விதிகளாக எழுதிக்காட்டும் இயல்பினது. அது கற்ற விதிகளுள் ஒன்று அனைவரையும் திடுக்கிடச் செய்தது. நிமோனியாவோடு ஆஸ்துமாவும் உடையவர்க்கு இறக்கும் இடர் குறைவு என்றது அவ்விதி!

மருத்துவர்கள் ஆராய்ந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. ஆஸ்துமா உடையவர் நிமோனியாவோடு வந்தால் அவரை உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது வழக்கம். அச்சிகிச்சையால் அவர்கள் பிழைத்தனர். பொறியோ சிகிச்சையைக் காணாது பிழைத்ததை மட்டும் கண்டது. அதன் சொற்படி அவர்களை வீட்டிற்கு அனுப்பியிருந்தால் உயிர்கள் போயிருக்கும். நரம்பு வலையமைப்பும் இதே பிழையைக் கற்றிருக்கக்கூடும். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க இயலாது. ஆகவே, கூடுதல் துல்லியம் உடையதாயினும் அதனைப் பயன்படுத்தாது கைவிட்டனர். இம்முடிவை நாம் பெரிதும் போற்றுகிறோம். தாம் படைத்த ஒன்று நன்றாக இயங்குவதாகத் தோன்றும்பொழுது அதனை நிறுத்திவைக்கும் துணிவு எளிதில் வாய்ப்பதன்று.

இனி, நமக்கு அணித்தான ஒரு முயற்சியைக் காண்போம். மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். நீரிழிவு நோய் விழித்திரையைச் சிதைத்துப் பார்வையைப் பறிப்பதை முன்கூட்டியே கண்டறிய வேண்டுமாயின், நீரிழிவு உடையோர் அனைவரின் கண்களையும் குறித்த கால இடைவெளியில் படமெடுத்து நோக்க வேண்டும். அத்துணைப் படங்களைப் பார்க்கப் போதிய கண் மருத்துவர் இல்லை. கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த் உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் பெற்ற 1,28,175 படங்களைக் கொண்டு ஒரு பொறியைப் பயிற்றி, 2016-இல் முடிவை வெளியிட்டனர். கண் மருத்துவர் 54 பேர் அப்படங்களைத் தரம்பிரித்துக் கொடுத்திருந்தனர். மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளரிடையே நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. அங்குப் பணியாற்றும் மனித மதிப்பீட்டாளர்க்கு இணையாகவும், சில இடங்களில் மேலாகவும் பொறி விளங்கிற்று.

அதே பொறியை 2018, 2019-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்கள் பதினொன்றில் வைத்துப் பார்த்தனர். அங்கே செவிலியர் எடுத்த 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைப் பொறி, தெளிவு போதாது என ஏற்க மறுத்தது. இருட்டாக்க இயலாத அறைகளில் படமெடுக்க வேண்டியிருந்ததே பெருங்காரணம். இணைய இணைப்பும் அவ்வப்பொழுது அறுபட்டது. படம் ஏற்கப்பெறாதவர், நோய் இல்லாதவராயினும், மற்றொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பது விதி. கூலி வேலையை விட்டு வந்தவரிடம் அதனை எடுத்துரைக்க வேண்டியவர் செவிலியர். ஓரளவு மங்கலான படத்திலும் நோயின்மையைத் தம் கண்ணாலேயே காண முடிகிறபொழுது, பொறியின் மறுப்பை எவ்வாறு நோயாளிக்கு விளக்குவது என்று அவர்கள் தடுமாறினர்.

ஆய்வாளர்கள் அந்நிலையங்களுக்கே சென்று, செவிலியரின் அருகில் நின்று இவற்றையெல்லாம் கண்டு எழுதி 2020-இல் வெளியிட்டனர். ஏற்கப்பெறாத படங்களை உடைய நோயாளரைத் தாமாகவே வெளியூர்க்கு அனுப்பும் வழக்கத்தை மாற்றி, கண் மருத்துவர் ஒருவர் அப்படங்களை நோயாளியின் பழைய குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுமாறு நடைமுறையைத் திருத்தினர்.