ஒரு முகவரியிற் பல கணினிகள்

ஓர் இல்லத்திற்கு வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு ஒன்றே. மாதந்தோறுங் கட்டணஞ் செலுத்தப்படுவதும் அவ்வொன்றிற்கே. ஆயினும், தந்தையார் ஓர் அறையில் வங்கிக் கணக்கை நோக்க, தமக்கை மற்றோர் அறையிற் பாடம் பயில, தம்பி கைப்பேசியிற் படங்காண, ஒருவர்க்குரியது மற்றொருவர்பாற் செல்லாமல் யாவும் செவ்வனே நடைபெறுகின்றன. இஃது எங்ஙனம் இயலுகின்றது என்பதையும், இவ்வேற்பாடு எக்காரணத்தாற் பிறந்தது என்பதையும், இதனால் நாம் பெற்றதும் இழந்ததும் யாவை என்பதையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

இணையத்திற் செல்லுஞ் செய்திகள் சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்கின்றன. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புங் கணினியின் முகவரியும் பெறுங் கணினியின் முகவரியும் எண்ணுருவிற் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்வெண்ணை ஐ.பி. முகவரி என்பர். 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த விதிகளின்படி இம்முகவரி 32 இரும இலக்கங்களால் ஆயது. அவற்றால் ஆக்கத்தகும் முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. அஃதாவது ஏறக்குறைய 429 கோடி. அக்காலத்து உலக மக்கட்டொகையோ ஏறத்தாழ 450 கோடி. தலைக்கு ஒன்றெனினும் போதாத தொகையே. எனினும், அன்று வலையிற் சேர்ந்திருந்த கணினிகள் சில நூறே ஆதலின், அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

பின்னர் இணையம் பொதுமக்கள் கைக்கு வந்தது. நம் நாட்டிற் பொதுமக்கட்கான இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாளாகும். இங்ஙனம் உலகெங்கும் கணினிகள் பெருகவே, முகவரிப் பஞ்சம் வருமென்பது தெளிவாயிற்று. 1994 மே மாதத்தில் கெல்ட் எகெவாங், பால் பிரான்சிஸ் என்னும் இருவர், பல கணினிகள் சில முகவரிகளைப் பங்கிட்டுக் கொள்ளும் உபாயம் ஒன்றை எழுதி வெளியிட்டனர். முகவரி மாற்றம் என்னும் பொருளுடைய அவ்வுபாயம் 'நாட்' எனச் சுருக்கமாக வழங்கும். அதனைக் குறுகிய காலத்திற்கேற்ற தீர்வென்றே அவர்கள் கூறினர். 1996 பிப்ரவரியில், வீட்டினுள்ளும் நிறுவனத்தினுள்ளும் எவரும் தம் விருப்பப்படி வழங்கிக்கொள்ளத்தக்க மூன்று முகவரித் தொகுதிகள் வரையறுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றுள் ஒரு தொகுதியைச் சேர்ந்தவை.

மாணவர் விடுதியொன்றை எண்ணிப் பார்ப்பின் இது விளங்கும். ஐந்தாம் எண்ணுள்ள அறை எல்லா விடுதிகளிலும் உண்டு. அதனால் ஒரு குழப்பமும் நேர்வதில்லை. ஆனால், 'அறை எண் 5' என்று மட்டும் எழுதித் தபாலிற் சேர்த்த கடிதம் எங்குஞ் சென்று சேராது. வெளியுலகிற்கு விடுதியின் கதவிலக்கமே முகவரி. இல்லத்தில் நாம் ரூட்டர் என்று வழங்குங் கருவி, அவ்விடுதியின் வாயிலில் அமர்ந்து கடிதங்களைப் பதிந்தனுப்பும் எழுத்தரை ஒப்பதாகும்.

இனி அது தொழிற்படும் முறையைக் காண்பாம். தமக்கையின் கணினிக்கு 192.168.1.10 என்றும், தம்பியின் கணினிக்கு 192.168.1.11 என்றும் ரூட்டரே எண் வழங்கியுள்ளது. வெளியுலகிற்குத் தெரியும் முகவரி, எடுத்துக்காட்டுகட்கென ஒதுக்கப்பட்ட 203.0.113.7 என்று கொள்வாம். இருவரும் ஒரே நூலகத் தளத்தை ஒரே நேரத்தில் அழைக்கின்றனர். ஒவ்வொரு பொதியிலும் முகவரியோடு போர்ட் எண் என்பதொன்றும் உண்டு. ஒரு கணினியில் ஒருங்கே நிகழும் பல உரையாடல்களைப் பிரித்தறிதற்கு உதவுவது அதுவே. தற்செயலாக இருவர் கணினியும் 50000 என்னும் போர்ட் எண்ணையே எடுத்துக்கொண்டன என்க. ரூட்டர் தமக்கையின் பொதியில் அனுப்புநர் முகவரியை 203.0.113.7 என்றும், போர்ட் எண்ணை 40001 என்றும் மாற்றி எழுதுகின்றது. தம்பியின் பொதிக்கு அதே முகவரியும் 40002 என்னும் எண்ணும் இடுகின்றது. இவ்விரண்டு மாற்றங்களையும் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி 40002-க்கு வருமாயின், அட்டவணையை நோக்கிப் பழைய எண்களை மீட்டெழுதித் தம்பியின் கணினிக்கு விடுக்கின்றது. உரையாடல் ஓய்ந்து சிறிது பொழுது சென்றபின் அக்குறிப்பு அழிக்கப்படும்.

இத்தொழிலை முன்னர்க் கணினியொன்றே செய்ததுமுண்டு. 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இவ்வசதி அமைந்திருந்தது. இணைப்பைப் பெற்ற கணினி 192.168.0.1 என்னும் எண்ணைத் தான் ஏற்று, ஏனையவற்றிற்கு வாயிலாக நின்றது. அதனை அணைத்துவிடின் மற்றவற்றிற்கும் இணையம் அற்றுப்போம். தனிக் கருவி ஒன்று இராப்பகல் விழித்திருத்தலின் நன்மை இதனாற் புலனாகும்.

இவ்வேற்பாட்டால் விளைந்த மாறுதல் ஒன்று கருதத்தக்கது. உள்ளிருப்போர் வெளியே அழைக்கலாம். வெளியிலுள்ளோர் முதலில் அழைப்பின், அட்டவணையிற் குறிப்பில்லாமையால் ரூட்டர் அதனை எவர்க்குங் கொடாது. வீண் அழைப்புகள் தடைப்படுதல் நன்மையே. ஆயினும் இதனை முழுக் காவலென்று நம்புதல் பிழை. உள்ளே புகுந்த தீய நிரல் தானே வெளியே அழைக்குமாயின், இவ்வாயில் தடுப்பதில்லை. அன்றியும், எக்கணினியும் எக்கணினியையும் அழைக்கலாம் என்னும் சமநிலையோடு தொடங்கியது இணையம். இன்றோ இல்லத்துக் கணினி அழைக்க மட்டும் வல்லதாய், அழைக்கப்படும் தகுதியை இழந்து நிற்கின்றது. தான் இயற்றிய தளத்தைத் தன் அறையிலிருந்தே உலகிற்குக் காட்ட விரும்பும் மாணவன், இன்ன போர்ட்டிற்கு வருவதை இன்ன கணினிக்கு விடுக என்று ரூட்டருக்கு முன்னரே கட்டளையிட்டாலன்றி அது கைகூடாது.

அக்கட்டளையும் பயன்படாத நிலை பின்னர் நேர்ந்தது. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த முகவரிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் பகிர்ந்து தீர்ந்தன. அதன்பின் சேவை நிறுவனங்கள் பல, பல இல்லங்களை ஒரே முகவரியில் அடக்குவவாயின. இதற்கென 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. தம் ரூட்டர் வெளிப்புறத்தில் இத்தகைய எண்ணைப் பெற்றிருப்பின், விடுதி வாயிலுக்கு அப்பால் மற்றொரு வாயிலும் உண்டென்று மாணவர் அறிந்துகொள்க.

உண்மையான தீர்வு 128 இரும இலக்க முகவரியே. ஐ.பி. ஆறாம் பதிப்பு எனப்படும் அதன் விதிகள் 1998 டிசம்பரில் வெளிவந்தன. அம்முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகறியும் முகவரி கிடைக்கும். மாற்றியெழுதும் வேலை வேண்டுவதில்லை. ஆனால், வாயிற் காவலைத் தனியே அமைத்தல் இன்றியமையாதது. இம்முறையைக் கைக்கொண்ட நாடுகளுள் இந்தியா முன்வரிசையில் உள்ளது. எனினும் பழைய முகவரிகளும் இன்னும் வழக்கிலிருத்தலின், குறுகிய காலத்திற்கென வந்த உபாயம் முப்பது ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகளில் நிலைத்திருக்கின்றது.

இறுதியாக ஒன்று கூறுவாம். வெளியுலகிற்கு நம் இல்லத்தார் அனைவரும் ஒரே முகவரியராகவே தோன்றுவர். விருந்தினர் ஒருவரோ, கடவுச்சொல்லை எவ்வாறோ அறிந்த அயலார் ஒருவரோ தீங்கிழைப்பின், விசாரணை முதலில் வந்து தட்டுவது இணைப்புக்குரியார் கதவையே. ஆதலின், ரூட்டருடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. வை-ஃபை இணைப்பிற்கு டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னுங் காப்பு முறையை அமைக்க. விருந்தினர்க்குத் தனி வலையை ஒதுக்குக. பெரிய கோப்புகளை அனுப்புவோர், பிறர் பாடங் கேட்கும் வேளையை விலக்கி அனுப்புக. முகவரியைப் போலவே இணைப்பின் கொள்ளளவும் அனைவர்க்கும் பொதுவன்றோ? ஒரு கூரையின்கீழ் வாழ்வார்க்குரிய ஒழுங்கு ஓர் இணைப்பின்கீழ் வாழ்வார்க்கும் உரியதாகும்.