பாலிசி இருந்தும் என் மேல் ஏன் வழக்கு?

கேள்வி: தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிவர ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறேன். டிரைவர் ஓட்டிப் போனபோது சையாஜி ராவ் சாலையில் ஒரு பெரியவர் மீது மோதி, அவருக்குக் கால் முறிந்துவிட்டது. இன்சூரன்ஸ் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் என்னை முதல் எதிர்மனுதாரராகக் காட்டி நோட்டீஸ் வந்திருக்கிறது. “கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீ போக வேண்டாம்” என்கிறார்கள். வண்டியையே ஓட்டாத என் மேல் ஏன் வழக்கு?
– வாசகர், தேவராஜ மொஹல்லா, மைசூரு

பதில்: வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி, ஐயா. முதலில் பயத்தை விடுங்கள். நோட்டீஸில் எம்.வி.சி. என்று தொடங்கும் எண் இருக்கும். அது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் போட்ட இழப்பீட்டு மனு. இதில் யாருக்கும் சிறைத் தண்டனை கிடையாது. டிரைவர் மீது போலீஸ் பதிந்த குற்ற வழக்கு தனியாக நடக்கும்.

‘பாலிசி எடுத்ததும் பொறுப்பு கம்பெனிக்குப் போய்விட்டது’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் வேலையாகப் போன டிரைவர் செய்த தவறுக்குச் சட்டப்படி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பிறர்வழிப் பொறுப்பு என்று பெயர். அதாவது, ஊழியர் வேலையின்போது செய்த பிழையை முதலாளி ஏற்பது. உங்கள் தலையில் விழும் அந்தத் தொகையை உங்களுக்காகக் கட்டுவதாக கம்பெனி கொடுத்த வாக்குறுதிதான் பாலிசி. ஆகவே தீர்ப்பாயம் முதலில் டிரைவரின் கவனக்குறைவையும், அடுத்து உங்கள் பொறுப்பையும் முடிவு செய்யும். அதன் பிறகே கம்பெனியைக் கட்டச் சொல்லும். உங்கள் பெயர் மனுவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

போகாமல் இருந்தால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள். அதாவது, உங்கள் தரப்பைக் கேட்காமலே விசாரணை முடியும். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல் என்பதையும் மறக்காதீர்கள். டிரைவருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்று அவரே வாதாடக்கூடும். 150-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அது நிரூபணமானால், காயம்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு வரலாம்.

இந்த இடத்தில் இரண்டு தீர்ப்புகள் உங்களுக்குத் துணை நிற்கும். லைசென்ஸில் குறை இருப்பது மட்டும் போதாது, உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்கவில்லை என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியை ஓட்டத் தனி ஒப்புதல் தேவையில்லை என்று ரம்பா தேவி வழக்கில் 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

இனி செய்ய வேண்டியவை: நோட்டீஸ் நகலைக் கடிதத்துடன் கம்பெனியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தனி வக்கீல் வைத்து, குறித்த தேதியில் ஆஜராகி, எதிருரை தாக்கல் செய்யுங்கள். ஆர்.சி., பாலிசி, டிரைவரின் லைசென்ஸ், வண்டி ஓடத் தகுதியானது என்று காட்டும் எஃப்.சி. ஆகியவற்றின் நகல்களை அதோடு இணையுங்கள். லைசென்ஸைப் பார்த்து, ஓட்டச் சொல்லிச் சோதித்துத்தான் டிரைவரை வேலைக்கு எடுத்தீர்கள் என்றால் அதைச் சாட்சியமாகவே சொல்லுங்கள். கம்பெனிக்குத் தெரியாமல் தனியாகப் பேசி முடிக்க வேண்டாம்; பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும்.

அடுத்து மனுதாரரும், ஊனத்தின் அளவு பற்றி மருத்துவரும் சாட்சி சொல்வார்கள். தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளுக்குள் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். காயத்துக்கான இழப்பீட்டுக்குப் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. உங்கள் தாள்கள் சரியாக இருந்து, நீங்களும் நேரில் நின்றால், அந்தப் பெரியவருக்குச் சேர வேண்டியதைக் கம்பெனியே கொடுக்கும். அவருக்கும் அதுதான் நல்லது. தேதியைத் தவறவிடாதீர்கள்.