கணனித் தட்டு பழுதானால்: ஆவணங்களையும் படங்களையும் மீட்கும் வழி

இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் கையில் எடுத்துக்கொண்டு வந்தவை மிகச் சில. 2004 டிசம்பர் 26 கடற்கோளிலும், 2006இல் சம்பூரும் மூதூர் கிழக்குக் கிராமங்களும் இடம்பெயர்ந்தபோதும் காணி உறுதி, பெமிட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், குடும்பப் படம் என்பன பலருக்கு ஒரே நாளில் இல்லாமற் போயின. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது கடதாசியின் பெறுமதி நன்கு விளங்கியது.

மிஞ்சியவற்றைப் பலர் இன்று படம்பிடித்துக் கணனியில் வைத்திருக்கின்றனர். நல்ல பழக்கம். ஆனால் கணனித் தட்டும் ஒருநாள் பழுதாகும். அப்போது செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

தட்டினுள் நடப்பது என்ன?

வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழைய இசைத்தட்டைப் போன்றது. உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டங்கள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். வாசிக்கும் முனை அவற்றைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைந்த உயரத்தில் மிதக்கும். கீழே விழுந்தால் முனை வட்டத்தில் உரசி, எழுதியதைச் சுரண்டிவிடும்.

தவறுதலாக அழித்த கோப்பு வேறு வகை. காணிப் பதிவேட்டில் பெயரை வெட்டினாலும் வயல் அங்கேயே கிடக்கும் அல்லவா? வேறொருவர் உழுது விதைத்த பின்னரே பழைய வரம்பு மறையும். அழித்த கோப்பும் அப்படியே. அதன் இடத்தில் புதியது எழுதப்படும்வரை பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் கைத்தொலைபேசியிலும் புதிய மடிக்கணனிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. தட்டிலும் அழித்தவை விரைவில் முற்றாகத் துடைக்கப்படுவதால், அவற்றை மீட்பது கடினம்.

உடனே செய்ய வேண்டியவை

1. கணனியை நிறுத்துங்கள். "இன்னுமொருமுறை போட்டுப் பார்ப்போம்" என்பதே பெரும் நட்டத்தைத் தருகிறது.

2. பழுது எங்கே என்று அறியுங்கள். கணனி இயங்காவிட்டால் தட்டும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மின்சாரம் ஏறி இறங்குவதால் வேறு பாகம் எரிந்திருக்கலாம். திருத்துநர் தட்டைக் கழற்றி வேறு கணனியில் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்குச் செலவு குறைவு.

3. தட்டு அமைதியாகச் சுழன்றும் கோப்புகள் தெரியாவிட்டால், முதலில் முழுத் தட்டையும் அதே அளவு அல்லது பெரிய இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுக்க வேண்டும். டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். பிறகு டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ஆகிய இலவச மென்பொருட்களால் பிரதியில் மட்டும் தேட வேண்டும். பழுதான தட்டில் எதையும் நிறுவவோ சேமிக்கவோ வேண்டாம்.

4. தட்டு "டிக் டிக்" என்று ஒலித்தால், விழுந்திருந்தால், நனைந்திருந்தால், மின்சாரமே கொடுக்க வேண்டாம். திறக்கவும் வேண்டாம். அரிசிக்குள் புதைப்பதும் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் பயன் தரா. தூசியில்லா அறையில் வைத்தே இதைத் திறக்க முடியும். இவ்வேலை செய்யும் நிலையங்கள் கொழும்பில் உள்ளன. கொடுக்குமுன் செலவு எவ்வளவு, ஒன்றும் மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்று கேட்டு, பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 2003 பெப்ரவரி 1இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் வானில் சிதறியது. இடிபாடுகளில் கிடைத்த கருகிய வன்தட்டொன்றிலிருந்து ஏறக்குறைய 99 வீதத் தகவலை வல்லுநர்கள் மீட்டனர்.

எதற்காகச் செலவழிப்பது?

கையில் பணம் குறைந்த நாம் இதைச் சிந்திக்க வேண்டும். தட்டில் உள்ளவை இருவகை.

முதல் வகை, வேறிடத்தில் மூலப்பதிவு உள்ளவை. பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வது சட்டம். பெமிட் விபரம் பிரதேச செயலகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எனவே உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பெமிட் இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேடுவோருக்கு அந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாம் வகை, உலகில் வேறெங்கும் இல்லாதவை: இறந்த தாயின் படம், காணாமற் போன மகனின் முகம், இடிந்த வீட்டின் தோற்றம். எந்தக் கந்தோரும் இவற்றைத் திருப்பித் தராது. செலவழிப்பதானால் இவற்றுக்காகவே செலவழியுங்கள்.

ஒன்று மட்டும் போதாது

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு பிரதி இல்லாத ஏடுகள் என்றென்றைக்குமாய்ப் போயின. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய முயற்சி ஈழத்து நூல்களை மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. வீட்டுக்கும் இதே பாடந்தான். மூன்று பிரதிகள் வையுங்கள்: ஒன்று கணனியில், ஒன்று வெளித்தட்டில், ஒன்று வேறூரில் உள்ள உறவினரிடம். வெளித்தட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, உப்புக்காற்றுப் படாமல் வையுங்கள். ஆண்டுதோறும் பெரும்போக அறுவடை முடிந்ததும் அதைப் போட்டுப் பாருங்கள்.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் காசைத் தொலைத்த பெண் வீட்டைத் தலைகீழாகப் புரட்டவில்லை. விளக்கேற்றி, கூட்டி, கவனமாகத் தேடினாள். நாமும் அப்படியே தேடுவோம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது வீட்டில் ஒரேயொரு பிரதி மட்டும் உள்ள ஆவணங்கள், படங்கள் எவை?
2. உறுதி, பெமிட் இலக்கங்களை எழுதி வைத்திருக்கிறோமா?
3. கிராமத்தில் பலர் சேர்ந்து ஒரு வெளித்தட்டு வாங்கலாமா? அதை யார் காப்பது, எப்படிக் காப்பது?